கேஸ் குறையவே இல்லை: எர்ணாவூர் கார் ஒன்றின் ஏசி கோளாறு

வண்டி 2007 மாடல். பெட்ரோலில் ஓடும் சின்ன கார். ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியாகிவிட்டது. எந்தக் கம்பெனி என்பதை விட்டுவிடுகிறேன், இந்த வயதில் எந்தக் கம்பெனி வண்டிக்கும் இதே கதைதான். உரிமையாளர் எர்ணாவூர்க்காரர், மண்ணடியில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில்தான் தினமும் போக வர. கத்திரி வெயில் ஆரம்பித்த சமயத்தில் தண்டையார்பேட்டையில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்தார். வரும்போதே தீர்ப்பு எழுதி வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

"கம்ப்ரசரே போயிடுச்சுன்றாங்க தம்பி. போன வருஷம் ரெண்டு வாட்டி கேஸ் போட்டாச்சு. ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. பழைய கம்ப்ரசர் ஒண்ணு புதுப்பேட்டையில பாத்து வாங்கிப் போட்டுடலாமா?"

கேஸ் போட்டும் சரியாகவில்லை என்றால் அடுத்தது, கேஸை அமுக்கிச் சுற்றவிடும் கம்ப்ரசர். வடசென்னையில் பாதி ஏசி வேலைகள் இந்த இரண்டே படியில் முடிந்துவிடுகின்றன. இந்த வண்டியில் கம்ப்ரசருக்கு ஒன்றும் ஆகவில்லை. கேஸும் குறையவில்லை, அளவுக்கு மேல்தான் இருந்தது. அது எப்படித் தெரிந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

எப்போது சூடாகிறது?

"ஏசி சரியா வரல" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது. எந்த நேரத்தில், எந்த ரோட்டில், கிளம்பி எவ்வளவு நேரம் கழித்து என்று கேட்டால்தான் உருப்படியாக ஏதாவது கிடைக்கும். கேட்டோம்.

காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது குளிர்ச்சி நன்றாக இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் ஐந்தே நிமிஷத்தில் அனல் அடிக்கிறது. வரிசை கலைந்து, காசிமேடு தாண்டி வண்டி கொஞ்சம் வேகம் பிடித்ததும் மறுபடியும் குளிர்கிறது.

சரி, இது ஒரு விஷயம். "வெளியூர் போனா எப்படி இருக்கு பாய்?" என்று கேட்டதும்தான் இரண்டாவது விஷயம் வெளியே வந்தது.

"ஞாயித்துக்கிழமை பழவேற்காடு போனோம். ஒரு மணி நேரம் சூப்பரா இருந்துச்சு. பொன்னேரி தாண்டுனதும் சூடாயிடுச்சு. அங்க டிராஃபிக்கே கிடையாது. நிறுத்தி ஒரு டீ குடிச்சிட்டு ஏறுனா திரும்ப ஜில்லுனு வருது."

"சூடா வரும்போது காத்து குறைஞ்சுதா, அப்படியே இருந்துச்சா?"

"காத்து அப்படியேதான் அடிக்குது. சூடா அடிக்குது, அவ்ளோதான்."

இந்தக் கடைசிப் பதில் விலைமதிப்பில்லாதது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஐஸ் கட்டினாலும் இப்படித்தான் ஒரு மணி நேரம் கழித்துக் குளிர் நின்றுபோகும், வண்டியை நிறுத்தி எடுத்தால் திரும்ப வரும். ஆனால் ஐஸ் கட்டினால் காயில் அடைத்துக்கொள்ளும். புளோயர் சத்தம் மட்டும் கேட்கும், காற்று வராது. காற்றின் வேகம் மாறாமல் சூடாக மட்டும் வருகிறது என்றால், அந்த நேரத்தில் கம்ப்ரசர் சுற்றவில்லை என்றே பெரும்பாலும் அர்த்தம்.

ஆக, ஒரே புகாருக்குள் இரண்டு கோளாறுகள். நின்றால் சூடு என்பது முன்னால் இருக்கும் கண்டென்சர் தன் வெப்பத்தை வெளியே தள்ள முடியாத பிரச்சினை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மணி நேரத்தில் சூடு என்பது வேறு. இரண்டையும் சேர்த்து ஒரே மருந்தைத் தேடியதால்தான் போன வருஷம் பணம் போனது.

ஒரு தாள் செய்த வேலை

அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டுவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து பார்ப்பதுதான் எங்கள் பழக்கம். பெல்ட் நன்றாக இருந்தது. ஏசி சுவிட்சைப் போட்டதும், கம்ப்ரசரைப் பெல்ட்டோடு இணைக்கும் காந்தக் கிளட்ச் 'டக்' என்று பிடித்தது, கண்டென்சர் ஃபேனும் ஓடியது. இங்கேதான் பலரும் "ஃபேன் ஓகே" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள்.

ஃபேன் ஓடினால் போதாது, காற்றை இழுக்க வேண்டும். முன் கிரில் பக்கமாகக் கண்டென்சர் மேல் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்தோம். ஃபேன் ஒழுங்காக இழுத்தால் தாள் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். இங்கே தாள் நம் பக்கமாகப் பறந்து கீழே விழுந்தது. கையை வைத்துப் பார்த்தால் இன்ஜின் சூட்டோடு காற்று முன்பக்கமாக வந்துகொண்டிருக்கிறது. ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது!

"இந்த ஃபேன் மாத்தினீங்களா பாய்?"

மாற்றியிருக்கிறார்கள். போன வருஷக் கோடை தொடங்கும்போது பழைய மோட்டார் நின்றுபோனதால், வேறு ஏதோ வண்டியிலிருந்து கழற்றிய மோட்டார் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அதன் கனெக்டர் இந்த வண்டிக்குச் சேரவில்லை. இரண்டு பக்கமும் ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டார்கள். ஒயர் நிறம் வண்டிக்கு வண்டி மாறும். பிளஸ், மைனஸ் இடம் மாறிவிட்டது. இந்த மாதிரி டிசி மோட்டாருக்கு முனையை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும், வேறு எந்தக் கோளாறும் காட்டாது.

டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் எக்ஸ்பிரஸ் ரோடு மட்டும்தான். வண்டி நிற்பது வெட்டவெளியில். அந்த உப்புக் காற்றில் முறுக்கி வைத்த ஒயர் இப்படித்தான் ஆகும். பேட்டரியில் 13.9 வோல்ட் இருக்கும்போது மோட்டார் முனையில் 11.2 வோல்ட்தான் வந்தது. அதாவது தப்பான பக்கம் சுற்றியதோடு மெதுவாகவும் சுற்றியிருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று பலமாக இருப்பதால் அது ஃபேனை மீறிக் கண்டென்சரைக் குளிர வைத்துவிடுகிறது. லாரி வரிசையில் அந்தக் காற்று இல்லை. அங்கே இந்த ஃபேன் ரேடியேட்டர் சூட்டைக் கொண்டுவந்து கண்டென்சர் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

கம்ப்ரசருக்கு யார் கெட்ட பெயர் வைத்தது

ஒயரைத் தொடுவதற்கு முன்னால் கேஜ் மாட்டி அளந்து வைத்துக்கொண்டோம். திருத்திய பிறகு என்ன மாறியது என்று தெரிய வேண்டுமே. வண்டி நின்றபடி, இன்ஜின் ஐடிலில்: கம்ப்ரசர் கேஸை இழுக்கும் லோ பக்கம் 55 பிஎஸ்ஐ, அமுக்கி வெளியே தள்ளும் ஹை பக்கம் 330 பிஎஸ்ஐ. இந்த மாதிரி ஆர்134ஏ என்ற கேஸ் போடும் வண்டியில், நல்ல வெயிலில், லோ பக்கம் முப்பதுகளிலும் ஹை பக்கம் 200லிருந்து 250க்குள்ளும் இருந்தால் நிம்மதி.

கம்ப்ரசர் மேல் பழி விழுந்த காரணம் இங்கே புரிந்தது. கம்ப்ரசர் உள்ளே தேய்ந்துவிட்டால் கேஸை இழுத்து அமுக்க முடியாது, லோ பக்கம் அழுத்தம் ஏறி நிற்கும். 55ஐ மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பல இடங்களில் ஒற்றை ஹோஸை லோ பக்கம் மட்டும் மாட்டித்தான் பார்க்கிறார்கள். ஆனால் தேய்ந்த கம்ப்ரசரில் லோ ஏறும்போது ஹை இறங்கியிருக்கும். இங்கே இரண்டுமே ஏறியிருக்கின்றன. 330 வரைக்கும் அமுக்கித் தள்ளுகிற கம்ப்ரசரைப் பலவீனமானது என்று எப்படிச் சொல்வது?

உறுதி செய்ய ஒரு பக்கெட் தண்ணீர் போதும். கண்டென்சர் மேல் மெதுவாக ஊற்றினோம். ஹை பக்க முள் கண்ணெதிரே 330லிருந்து 230க்கு இறங்கியது, லோவும் நாற்பதுக்குக் கீழே வந்தது. பாய் உள்ளே கையை நீட்டி, "வருது தம்பி, வருது!" என்றார். தண்ணீர் ஊற்றினால் குளிர்கிறது என்றால் கம்ப்ரசர், கூலிங் காயிலுக்குள் கேஸை விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு இரண்டையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. வெப்பம் வெளியே போக வழியில்லை, அவ்வளவுதான்.

ஃபேன் ஒயரை முனை மாற்றி, முறுக்காமல் ஈயம் வைத்து ஒட்டி, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடினோம். செய்தித்தாள் இப்போது ஒட்டிக்கொண்டு நின்றது. அப்படியும் ஹை பக்கம் 285க்குக் கீழே இறங்கவில்லை. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மணல், பூச்சி, பிளாஸ்டிக் கவர் துண்டு என்று ஒரு படிவம் இருந்தது. இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சாதாரண ஹோஸ் தண்ணீர் அடித்துக் கழுவினோம். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடிக்கக் கூடாது, பழைய கண்டென்சரின் அலுமினிய இதழ்கள் மடிந்து மொத்தமாக மூடிக்கொள்ளும். கழுவியபின் 270. இன்னும் ஏதோ இருக்கிறது.

காலையில் எடுத்த அளவு

வண்டியை இரவு பட்டறையிலேயே விடச் சொன்னோம். இன்ஜின் முழுசாக ஆறிய பிறகு, ஸ்டார்ட் செய்யாமல் எடுக்கும் அளவு ஒன்று உண்டு. இதற்கு எந்த மெஷினும் வேண்டாம், தெர்மாமீட்டரும் கேஜும் இருந்தால் போதும். ஆனாலும் யாரும் எடுப்பதில்லை.

சிஸ்டத்துக்குள் திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும்வரை, ஆர்134ஏவின் அழுத்தத்தை வெப்பநிலை மட்டுமே தீர்மானிக்கிறது. 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114. உள்ளே 300 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் அதே எண்தான். "நிறுத்தி வச்சு பாத்தேன், கேஸ் 90 இருக்கு, கம்மியா இருக்கு" என்று யாராவது சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது. அன்று காலை பட்டறைக்குள் 30 டிகிரி. கேஜ் காட்டியதோ 113.

16 பிஎஸ்ஐ கூடுதல். சுத்தமான ஆர்134ஏ இப்படிக் காட்டாது. உள்ளே காற்று புகுந்திருக்க வேண்டும், அல்லது வேறு கேஸ் கலந்திருக்க வேண்டும். போன வருஷம் கேஸ் போட்டபோது, உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் போட்டார்களா என்று பாயிடம் கேட்டோம். "பத்து நிமிஷத்துல போட்டு அனுப்பிட்டாங்க" என்றார். அப்போ போடவில்லை. ஹோஸில் இருந்த காற்றுகூட வெளியேற்றப்படாமல் உள்ளே போயிருக்கிறது. காற்று கண்டென்சரில் திரவமாக மாறாது. அங்கேயே இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றிவிடும்.

கலப்படமா, காற்றா என்று பிரித்துச் சொல்லும் அனலைசர் எங்களிடம் இல்லை. இரண்டில் எதுவானாலும் முழுக்க வெளியே எடுத்தாக வேண்டும் என்பதால் அது பெரிய குறையாகவும் தெரியவில்லை. கலப்படத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2011ல் கப்பல்களில் போகும் ரீஃபர் கண்டெய்னர்கள் (குளிர்பதனக் கண்டெய்னர்கள்) வெடித்து ஆட்கள் செத்தார்கள். ஆர்134ஏ என்ற பெயரில் மீத்தைல் குளோரைடு கலந்த கேஸ் உள்ளே போய், அலுமினியத்தோடு வினைபுரிந்ததுதான் காரணம். கார் ஏசியிலும் அலுமினியம்தான் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத கேன் வாங்குகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மெஷினில் இழுத்துத் தனிச் சிலிண்டரில் சேர்த்து எடை போட்டோம். வந்தது 620 கிராமுக்கு மேல். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருப்பது 500. குறையாத இடத்தில் இரண்டு முறை நிரப்பியிருக்கிறார்கள். திரவம் கண்டென்சரின் அடிப்பகுதியில் தேங்கினால் வெப்பத்தை வெளியேற்றும் பரப்பு சுருங்கும், ஹை பக்கம் இன்னும் ஏறும். ஃபேன் கோளாறுக்குக் கேஸைப் போட்டு, அந்தக் கேஸே அடுத்த கோளாறாகிவிட்டது.

உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் ட்ரையரை மாற்றினோம். பதினைந்து வருஷத்துக்கு மேலான வண்டி, உள்ளே போன காற்று கடலோரக் காற்று, அதில் ஈரம் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ட்ரையரில் தங்கிவிட்ட அளவுக்கு மட்டும் கம்ப்ரசருக்கான பிஏஜி ஆயில் சேர்த்தோம். அந்த ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும், கேனைத் திறந்தால் உடனே மூட வேண்டும். சர்வீஸ் வால்வு ஒன்றுக்கு மூடி இல்லை, உள்ளே இருக்கும் பின்னும் லேசாகக் கசிந்தது. பின்னை மாற்றி மூடி போட்டோம். பிறகு முக்கால் மணி நேரம் வாக்குவம். அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் ஈரம் சாதாரணச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிப் போய்விடும். பம்பை நிறுத்தி அரை மணி நேரம் விட்டும் முள் அசையவில்லை. தராசில் வைத்து 500 கிராம் ஏற்றினோம்.

ஐடிலில் லோ 36, ஹை 225.

இரண்டாவது கோளாறு

இங்கேயே வண்டியைக் கொடுத்திருந்தால் பாய் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போயிருப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியிலிருந்து போன் வந்திருக்கும்.

ஏசியைப் போட்டுக்கொண்டு எக்ஸ்பிரஸ் ரோட்டில் எர்ணாவூர், அப்படியே மீஞ்சூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். திரும்பி வரும் வழியில் குளிர் மெல்ல விட்டுப்போனது. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் பானெட்டைத் திறந்தோம். பெல்ட் ஓடுகிறது, கம்ப்ரசர் புல்லி சுற்றுகிறது, அதன் முன்னால் இருக்கும் கிளட்ச் தட்டு மட்டும் சும்மா நிற்கிறது. கிளட்சின் காந்தக் காயிலுக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்த்தால் 13 வோல்ட் வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கரண்டை விடுகிற ரிலே, பிரஷர் சுவிட்ச், தெர்மிஸ்டர் எல்லாமே தங்கள் வேலையைச் செய்துவிட்டன. காந்தம் தட்டை இழுக்க முடியாமல்தான் விட்டிருக்கிறது.

பட்டறைக்கு வந்து சூடு ஆறுவதற்குள் காயிலின் ரெசிஸ்டன்ஸை அளந்தோம், 4.7 ஓம். ஆறிய பிறகு 3.7. செம்புக் கம்பி சூடானால் ரெசிஸ்டன்ஸ் ஏறும், ஓடும் கரண்ட் குறையும், காந்தமும் அதற்கேற்ப வலுவிழக்கும். இது எல்லாக் காயிலுக்கும் உள்ள இயல்பு, கோளாறு இல்லை. தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் இடைவெளி சரியாக இருந்தால் வலு குறைந்த காந்தமே இழுத்துக்கொள்ளும். ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தால் இடைவெளி 0.9 மில்லிமீட்டர். இந்த மாதிரி கிளட்சில் 0.3லிருந்து 0.6 வரைக்கும்தான் இருக்கலாம்.

தட்டைக் கழற்றியதும் தேய்ந்த காரணம் தெரிந்தது. உராயும் முகத்தில் நீலம் பாய்ந்த வளையம், சுற்றிலும் செம்பழுப்பு நிறத்தில் இரும்புத் தூள். ஒரு வருஷமாக 330 பிஎஸ்ஐக்கு எதிராகக் கம்ப்ரசரைச் சுற்றவைக்கப் போராடி, வழுக்கி, காய்ந்து, தேய்ந்திருக்கிறது. அந்த ஒயர் முறுக்கில் தொடங்கியது இங்கே வந்து நின்றது.

ஷாஃப்டில் தட்டுக்கு அடியில் மெல்லிய ஷிம் வாஷர்கள் இருக்கும். அதில் 0.4 மில்லிமீட்டர் கனமுள்ள ஒன்றை எடுத்துவிட்டுத் தட்டைத் திருப்பி மாட்டினோம். சுற்றிலும் நான்கு இடத்தில் அளந்ததில் எல்லாப் பக்கமும் 0.5. ஸ்பேர் எதுவும் வாங்கவில்லை, கூலி மட்டும்தான். எடுக்க ஷிம் இல்லாத நிலைக்குத் தேய்ந்திருந்தால் தட்டு, புல்லி, காயில் மூன்றையும் செட்டாக மாற்ற வேண்டியிருந்திருக்கும். அப்போதும்கூட கம்ப்ரசரைத் தொட வேண்டியதில்லை. கிளட்ச் போனதற்காக முழு கம்ப்ரசரைக் கழற்றிப் போடுவது வேலை செய்பவருக்குச் சுலபம், அதனால் அப்படிச் செய்கிறார்கள்.

மறுபடி மீஞ்சூர். இந்த முறை அங்கேயிருந்து திரும்பி, காசிமேடு பக்கம் லாரி வரிசைக்குள்ளேயே போய் நின்றோம். வெளியே 35 டிகிரி. ஓடும்போது நடு வென்ட்டில் 8 டிகிரி, வரிசையில் நிற்கும்போது 12. பாய்க்கு இந்த 12 கொஞ்சம் உறுத்தியது. "மகன் வண்டியில இதவிட ஜில்லுனு வருதே?" அவர் மகன் வைத்திருப்பது புது வண்டி, கண்டென்சர் பெரியது. தவிர, மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்துவிட்டால் ஏசியின் உழைப்பில் பெரும் பங்கு காற்றிலிருக்கும் ஈரத்தைத் தண்ணீராக மாற்றுவதிலேயே போய்விடும். வண்டிக்கு அடியில் அந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் சொட்டுகிறது என்று பார்த்தாலே தெரியும். இந்த வண்டி ஐடிலில் 12 கொடுப்பது நல்ல நிலைமைதான்.

சில வேலைகளை வேண்டுமென்றே விட்டுவைத்தோம். கண்டென்சரின் கீழ் வரிசையில் அலுமினிய இதழ்கள் உப்பில் மக்கி, விரல் பட்டாலே உதிர்கின்றன. குழாய் இன்னும் கெட்டியாக இருக்கிறது, அதனால் இப்போது மாற்றத் தேவையில்லை. மாற்றும் நாள் வந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிது வாங்கிக்கொள்ளுங்கள், கழற்றிய பழையது வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அதுவரை எண்ணெய்க் கறை ஏதாவது தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவர வேண்டும். புல்லி பேரிங்கில் லேசான சத்தம் இருக்கிறது, பெல்ட் மாற்றும்போது சேர்த்து மாற்றிக்கொள்ளலாம். வெளிக் காற்றை அடைக்கும் தடுப்புத் தகட்டின் ஸ்பாஞ்ச் பொடியாகிவிட்டதால், லீவரை உள் காற்றுக்குத் தள்ளினாலும் மணலி ஆலைகளின் வாடை கொஞ்சம் உள்ளே வருகிறது. அதைச் சரிசெய்ய டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும். "அது இப்ப வேணாம் தம்பி, நமக்குப் பழகிப்போன வாடைதான்" என்றார் பாய்.